மூக்குக்குழாயின் நுனி இரைப்பையில்தான் இருக்கிறதா? வீட்டில் பராமரிப்போருக்கான வழிகாட்டி

விழுங்க முடியாத ஒருவரை, மூக்கு வழியாக இரைப்பை வரை இறக்கி உணவு கொடுக்கும் மூக்குக்குழாயோடு வீட்டுக்கு அழைத்து வரப்போகிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காக எழுதப்பட்டது. நான் மருத்துவன் அல்லன். பக்கவாதத்தால் விழுங்கும் திறனை இழந்த என் தாயாரை ஏழு வாரங்கள் மூக்குக்குழாயோடு பராமரித்தவன். அந்த ஏழு வாரங்களில் ஒரு நாள் நடந்த தவறு, எங்களை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு நாட்கள் இருத்தியது.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் இரவு அம்மா வாந்தி எடுத்தார். காலையில் பார்த்தபோது மூக்கின் மேலிருந்த பிளாஸ்டர் ஈரத்தில் நெகிழ்ந்து, குழாய் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. எவ்வளவு வந்திருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஏனெனில் குழாயின் மேலுள்ள சென்டிமீட்டர்க் குறிகளில் எந்த எண் முதல் நாள் மூக்கின் விளிம்பில் நின்றது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. உதவிக்கு வந்தவர் குழாயை உள்ளே தள்ளினார்; சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்; "சத்தம் கேட்கிறது, சரியாகத்தான் இருக்கிறது" என்றார். கஞ்சியில் பாதி போவதற்குள் அம்மாவுக்கு இருமல் வந்தது. பலமான இருமல் அல்ல, தொண்டைக்குள்ளேயே அடங்கிவிட்ட, வலுவில்லாத இருமல். கண்களில் நீர் கோத்துக்கொண்டது. அன்று மாலை எடுத்த எக்ஸ்ரேயில், குழாய் உணவுக்குழாயின் நடுவே மடிந்து, அதன் நுனி மேல்நோக்கித் திரும்பியிருந்தது. கொடுத்த கஞ்சி மேலேறி, மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நிமோனியாவாக முடிந்தது.

சொல் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உணவுக்குழாய்" என்றால் தமிழில் தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகும் உறுப்பு. ஆனால் வீடுகளிலும் வார்டுகளிலும் பலர் உணவு கொடுக்கும் டியூபையும் அப்படியே சொல்கிறார்கள். அன்று தொலைபேசியில் என்னிடம் சொல்லப்பட்ட "உணவுக்குழாயில் இருக்கிறது" என்பதற்கு இரண்டு பொருள் இருந்தது, நான் தவறான பொருளை எடுத்துக்கொண்டேன். ஆகவே கருவியை "மூக்குக்குழாய்" என்றோ, மருத்துவமனையில் சொல்வதுபோல "ரைல்ஸ் டியூப்" என்றோ மட்டும் சொல்லுங்கள். மற்றவர்களையும் அப்படியே சொல்ல வையுங்கள்.

1. குழாய் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

குழாயைச் செலுத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை. அதை வீட்டில் நீங்களாகவே முயலக் கூடாது. ஆனால் போடுவதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டிய செய்திகள் சில உள்ளன. நோயாளிக்கு அண்மையில் முகத்திலோ மண்டையோட்டின் அடிப்பகுதியிலோ எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தால், மூக்கில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால், கல்லீரல் நோயால் உணவுக்குழாயில் இரத்தநாளங்கள் வீங்கியிருப்பதாக எப்போதாவது சொல்லப்பட்டிருந்தால், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், கேட்கப்படும்வரை காத்திராமல் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். பழைய கோப்புகளைப் புரட்ட நேரமில்லாத நள்ளிரவு வார்டில், இவற்றை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் குடும்பத்தினர்தான்.

அடுத்து, எத்தனை நாளைக்குக் குழாய் தேவைப்படும் என்று கேளுங்கள். செலவு முழுவதும் இந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைகிறது. பிவிசி குழாய் மலிவானது, ஆனால் உடலுக்குள் இருக்க இருக்க விறைத்துவிடுவதால் ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். பாலியூரித்தேன் அல்லது சிலிகான் குழாயின் விலை பல மடங்கு அதிகம், ஆனால் தயாரிப்பாளர் குறித்திருக்கும் காலத்தைப் பொறுத்து 4 முதல் 6 வாரங்கள் வரை தாக்குப்பிடிக்கும். மெல்லியதாகவும் இருப்பதால் மூக்குக்கும் தொண்டைக்கும் உறுத்தல் குறைவு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் செவிலியர் கட்டணம், தேவைப்பட்டால் எக்ஸ்ரே, அதற்குப் போய்வரும் வண்டிச் செலவு, நோயாளிக்கு மீண்டும் ஒரு முறை தொண்டையில் குழாய் இறங்கும் துன்பம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால், மலிவான குழாய் மலிவாக முடிவதில்லை. நாங்கள் இந்தக் கணக்கைப் போடாமல் முதலில் பிவிசி குழாயையே ஏற்றுக்கொண்டோம்.

2. அளவெடுக்கும்போது அருகில் நில்லுங்கள்

குழாயை எவ்வளவு தூரம் செலுத்துவது என்பதை வெளியிலிருந்தே அளந்துகொள்வார்கள். மூக்கின் நுனியிலிருந்து காதுமடலின் கீழ்நுனி வரையும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரையும் குழாயைப் பிடித்துப் பார்ப்பதே பரவலான முறை. பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 50 முதல் 60 சென்டிமீட்டருக்குள் அமையும். சிலருக்கு இந்த அளவு சற்றுக் குறைந்துபோய், நுனி உணவுக்குழாயின் அடிப்பகுதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அதனால்தான் அளவு எடுத்ததோடு வேலை முடிவதில்லை, நுனி எங்கே சேர்ந்தது என்பதைத் தனியாக உறுதி செய்ய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. குழாயின் மேல் சென்டிமீட்டர்க் குறிகள் அச்சிடப்பட்டிருக்கும். செலுத்தி முடித்ததும், மூக்குத்துளையின் விளிம்பில் எந்த எண் நிற்கிறது என்று கேட்டு, அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். சில குழாய்களில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குறி இராது, சில இடங்களில் மட்டும் கோடுகள் இருக்கும். அப்படியானால், மூக்கின் விளிம்பில் அழியாத மையால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். விளிம்பிலிருந்து குழாயின் வெளிமுனை வரை எவ்வளவு நீளம் வெளியே தொங்குகிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், ஆனால் எண் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே அங்கிருந்து நகருங்கள்.

3. எக்ஸ்ரேயை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்

குழாய் வழியாக எடுத்த நீரின் அமிலத்தன்மையைக் கொண்டு உறுதி செய்ய முடியாதபோதும், நினைவு மங்கிய நோயாளிகளுக்கும், பல மருத்துவமனைகளில் எல்லோருக்குமே முதல் முறையும், எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தைப் படிப்பது மருத்துவரின் பொறுப்பு. ஆயினும் அவசரமாகப் பார்க்கப்பட்ட எக்ஸ்ரேதான் பெரிய விபத்துகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது. பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2011-இல் வெளியிட்ட எச்சரிக்கை, 2005 முதல் 2010 வரையிலான காலத்தில் தவறான இடத்துக்குப் போன மூக்குக்குழாய் வழியாக உணவு கொடுத்ததால் 21 பேர் இறந்ததாகவும் 79 பேருக்குத் தீங்கு நேர்ந்ததாகவும் பதிவு செய்தது. அவற்றில் 45 நிகழ்வுகளுக்கு எக்ஸ்ரேயைத் தவறாகப் படித்ததே காரணம்.

ஆகவே மருத்துவரிடம் பணிவாக, ஆனால் தெளிவாக, "நுனி எங்கே இருக்கிறது என்று காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். படத்தில் வலப்புறம் தெரிவது நோயாளியின் இடப்புறம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நல்ல படத்தில் நான்கு செய்திகள் தெரிய வேண்டும். குழாய் மார்பின் நடுவே நேராக இறங்க வேண்டும், மூச்சுக்குழாயின் கிளை போகும் வழியில் சாயக் கூடாது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை அது நடுவாகக் கடந்து கீழே போக வேண்டும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தையும் நடுக்கோட்டருகிலேயே கடக்க வேண்டும். கடைசியாக, நுனி இடப்பக்க உதரவிதானத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நுனி படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டால், அந்தப் படம் போதாது. ஈசிஜி கம்பிகளும் ஆக்சிஜன் குழாயும் மார்பின் மேல் கிடந்தால் அவற்றின் நிழல் மூக்குக்குழாயைப் போலவே தெரியும். எடுப்பதற்கு முன் ஒதுக்கி வைக்கச் சொல்லலாம்.

படத்தின் மேலுள்ள பெயர், நாள், நேரம் மூன்றையும் பாருங்கள். குழாயை மாற்றிய பிறகு, பழைய குழாய்க்கு எடுத்த படத்தைப் பார்த்து "சரி" என்று சொல்லிவிடும் தவறு நடக்கக்கூடியதே. அத்தோடு, எக்ஸ்ரே அந்த நொடிக்கு மட்டுமே சாட்சி. படம் எடுத்த மேசையிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போதுகூடக் குழாய் நகரலாம்.

4. வீடு திரும்புமுன் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் சம்மரியில், மூக்குக்குழாய் பொருத்தப்பட்டது என்று ஒரே வரிதான் இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டில் எதையும் செய்ய முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகிக் கையெழுத்தான பிறகு அதில் ஒரு வரி சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன அன்றே, தாள் தயாராவதற்கு முன்பே, பின்வருவனவற்றை எழுதித் தருமாறு கேட்டுவிடுங்கள்.

குழாயின் வகை, பருமன், செலுத்திய நாள், மாற்ற வேண்டிய நாள், எந்த மூக்குத்துளை, மூக்கின் விளிம்பில் நிற்கும் எண், கடைசியாக எந்த முறையில் உறுதி செய்யப்பட்டது, அப்போது கிடைத்த பிஎச் அளவு (குழாய் வழியாக எடுத்த நீர் எவ்வளவு அமிலம் என்பதைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). பருமன் ஃபிரெஞ்ச் என்ற அளவில் இருக்கும். 3 ஃபிரெஞ்ச் என்பது 1 மில்லிமீட்டர், ஆகவே 12 ஃபிரெஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர். இவற்றோடு, எக்ஸ்ரே படமும் அதன் அறிக்கையும், எந்த மருந்தைத் தூளாக்கிக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக் கூடாது என்ற பட்டியலும், ஒரு வேளைக்கு எவ்வளவு உணவு எத்தனை மணிக்கு என்ற திட்டமும், இரவில் குழாய் நழுவினால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்ற குறிப்பும் வேண்டும்.

வீட்டில் நான் ஒரு கெட்டி அட்டையைக் கட்டிலின் தலைமாட்டில் நூலால் கட்டினேன். அதன் ஒரு வரி இப்படி இருக்கும்: காலை 7.10, இடது துளை, எண் 58, பிஎச் 4.5, கொடுத்தது 200 மில்லி, பார்த்தவர் பெயர். நாங்கள் மூன்று பேர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஒருவர் சொல்வதை மற்றவர் வாய்வார்த்தையாக நம்ப வேண்டிய தேவை அந்த அட்டையால் இல்லாமற்போனது.

5. வாங்கி வைக்க வேண்டிய பொருட்கள்

முதலாவது, பிஎச் பட்டை. நீலத்திலிருந்து சிவப்பாக மாறும் லிட்மஸ் தாள் உதவாது. அது அமிலமா இல்லையா என்று மட்டுமே காட்டும், எவ்வளவு அமிலம் என்று காட்டாது. 4-க்கும் 6-க்கும் இடையில் அரை அலகு வேறுபாட்டைக்கூட நிறத்தால் பிரித்துக் காட்டும், மனித உடலிலிருந்து எடுத்த நீரைச் சோதிப்பதற்கென்றே தயாரிக்கப்பட்ட பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஆறு வேளை உணவு என்றால், இடையில் மீண்டும் பார்க்க வேண்டியதையும் சேர்த்து ஏழு பட்டைகள் செலவாகும். 100 பட்டைகள் கொண்ட பெட்டி இரண்டு வாரங்களுக்கு வரும். எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை என்பதால், பாதி தீரும்போதே அடுத்த பெட்டிக்குச் சொல்லிவையுங்கள். பெட்டியை ஈரம் படாமல் இறுக மூடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது, 50 அல்லது 60 மில்லி சிரிஞ்ச். சிறிய சிரிஞ்ச் குழாய்க்குள் அழுத்தத்தை அதிகமாக உண்டாக்கும், மெல்லிய குழாய் அதில் வெடித்துவிடக்கூடும். இரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாயும் நோயாளிக்கு இருக்குமானால், அதில் பொருந்தவே பொருந்தாத, உணவுக்கென்று தனியாக விற்கப்படும் சிரிஞ்சையே வாங்குங்கள். இவை தவிர, தோலை உரிக்காத பிளாஸ்டர், கையுறை, அழியாத மைப் பேனா, நல்ல வெளிச்சம் தரும் விளக்கு. விளக்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்: மஞ்சள் ஒளியில் பட்டையின் நிறம் வேறாகத் தெரிகிறது.

6. ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய சோதனை

எப்போது செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். ஒவ்வொரு வேளை உணவுக்கும் முன்பு, இடையில் மருந்து கொடுப்பதாக இருந்தால் அதற்கும் முன்பு, வாந்தி, ஓங்கரிப்பு, கடுமையான இருமல் ஆகியவற்றுக்குப் பிறகு, பிளாஸ்டர் நெகிழ்ந்திருந்தாலோ எண் மாறியிருந்தாலோ உடனே. சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து உணவு போய்க்கொண்டிருப்பவர்களுக்கு, குறைந்தது நாளைக்கு ஒரு முறையாவது, உணவை நிறுத்தி மருத்துவர் சொன்ன நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நோயாளியின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்துங்கள். மூக்கின் விளிம்பில் நிற்கும் எண்ணைப் பாருங்கள், அட்டையிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வாயைத் திறந்து டார்ச் விளக்கால் தொண்டையின் பின்புறத்தைப் பாருங்கள்; அங்கே குழாய் சுருண்டு கிடக்கக் கூடாது. வெளியே எண் சரியாக இருந்தும் உள்ளே வாயில் வளையமாகச் சுருண்டிருக்க முடியும் என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

பிறகு சிரிஞ்சைப் பொருத்தி, மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் குழாயின் துளைகள் இரைப்பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நீர் வராது. அரை மில்லி முதல் ஒரு மில்லி கிடைத்தால் போதும். பட்டையை நீரில் அமிழ்த்தாமல், அதன் மேல் சில துளிகளைச் சொட்டி, பெட்டியில் குறித்திருக்கும் நேரத்துக்குள் நிறத்தை ஒப்பிடுங்கள். பிஎச் 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், குழாய் நுரையீரலில் இல்லை என்று எடுத்துக்கொண்டு உணவைத் தொடங்கலாம். 5-க்கும் 6-க்கும் இடையில் நிறம் ஐயமாக இருந்தால், இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு உங்கள் கணிப்பை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். வீட்டில் நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர் இருந்தால், இந்த வேலையை அவரிடம் விடாதீர்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரைப்பை அமிலம் மேலேறும் பழக்கமுள்ள நோயாளிக்கு, நுனி உணவுக்குழாயில் நின்றாலும் பட்டை 5.5-க்குக் கீழே காட்டக்கூடும். ஆகவே எண்ணும் பட்டையும் இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். எண் மாறியிருக்கும் நாளில், பட்டை நன்றாகக் காட்டுகிறது என்று மட்டும் தொடங்காதீர்கள்.

நீரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரைப்பை நீர் பச்சையாகவும் வரும், தெளிவாகவும் வரும், திரிந்த பால் போலவும் வரும். மூச்சுக்குழாயின் நீரும் அதே வெளிர் நிறத்தில் வரலாம். உறுதியாகும்வரை குழாயில் எதையும் செலுத்தாதீர்கள், வெறும் தண்ணீரும் அதில் அடக்கம். "முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்ப்போம்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

7. நீர் வராதபோதும், பட்டை 6 காட்டும்போதும்

முதல் வாரம் எனக்குப் பாதி வேளைகளில் நீரே வரவில்லை. பதறினேன், ஆனால் பொறுமையாகச் செய்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். இரைப்பையில் நீர் சேரும் இடத்துக்கு நுனி வரும். பிறகு 50 மில்லி சிரிஞ்சால் 10 முதல் 20 மில்லி காற்றைச் செலுத்துங்கள். இது ஒலி கேட்பதற்காக அல்ல, சுவரில் ஒட்டியிருக்கும் துளைகளை விடுவிப்பதற்காக. 15 முதல் 30 நிமிடம் காத்திருந்து மீண்டும் மெதுவாக இழுங்கள். வாய்வழி எதுவும் எடுக்காதவர்களுக்கு, ஈரப் பஞ்சால் வாயைச் சுத்தம் செய்துவிட்டால் இரைப்பையில் சுரப்பு தூண்டப்படும். அம்மாவுக்கு இதுதான் பலமுறை கைகொடுத்தது.

பட்டை 6 அல்லது அதற்கு மேல் காட்டினால், முதலில் நேரத்தைப் பாருங்கள். உணவோ மருந்தோ கொடுத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை என்றால், உணவே அமிலத்தை நீர்க்கச் செய்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பான்டோபிரசோல், ஒமிப்பிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்துகள் எடுத்துக்கொள்பவர்களுக்கு, குழாய் சரியான இடத்தில் இருந்தும் அளவு உயர்ந்தே காட்டலாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன், குழாய் சரியாக இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரிந்த அன்று நோயாளியின் பிஎச் எவ்வளவு என்பதையும், வீட்டில் அளவு உயர்ந்தால் என்ன செய்வது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்து நேரத்துக்குச் சற்று முன்பாகச் சோதனையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அளவு இறங்கவில்லை, அல்லது நீர் வரவில்லை என்றால், உணவு கொடுக்காமல் செவிலியரையோ மருத்துவரையோ அழையுங்கள். ஒரு வேளை உணவு தள்ளிப்போவதைப் பற்றிக் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவராக இருந்தால் மட்டும், உணவு தள்ளிப்போகிறது என்பதை உடனே சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

8. காற்றொலியை நம்பாதீர்கள்

காற்றைச் செலுத்தி வயிற்றின் மேல் ஒலி கேட்கும் முறை இன்னும் பல இடங்களில் நடக்கிறது. நுனி நுரையீரலில் இருந்தாலும், உணவுக்குழாயில் இருந்தாலும், அந்தக் களகளப்பு வயிற்றின் மேல் கேட்கக்கூடும், ஏனெனில் மார்புக்குள் எழும் ஒலி கீழே வரை கடத்தப்படுகிறது. எங்களுக்கு நடந்ததும் அதுவே. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டிலேயே இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாமென்று அறிவுறுத்திவிட்டார்கள். குழாயின் வெளிமுனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதும் அதே வகையைச் சேர்ந்தது.

"இருமல் வரவில்லை, மூச்சும் நன்றாக இருக்கிறது, ஆகவே சரியான இடத்தில்தான் இருக்கிறது" என்ற வாதத்தையும் ஏற்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் நினைவு மங்கியவர்களுக்கும் இருமும் திறனே குறைந்திருக்கும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போனாலும் அமைதியாகவே கிடப்பார்கள். வீட்டுக்கு வரும் உதவியாளரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. "எங்கள் வீட்டில் பட்டை வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுக்கிறோம், அக்கா" என்று முதல் நாளே சொல்லி, பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டால், பெரும்பாலோர் அப்படியே செய்கிறார்கள்.

9. குழாய் நழுவினால்

எண் குறைந்து, குழாய் வெளியே வந்திருப்பது தெரிந்தால், அதை உள்ளே தள்ளாதீர்கள். மெல்லிய குழாய்களில், செலுத்தும்போது உள்ளே விறைப்புக்காக ஒரு கம்பி இருக்கும். உறுதி செய்த பிறகு அதை உருவிவிடுவார்கள். குழாய் உடலுக்குள் இருக்கும்போது அந்தக் கம்பியை மீண்டும் நுழைக்கவே கூடாது, அது குழாயின் துளை வழியே வெளிவந்து உறுப்பைக் குத்திவிடும். நழுவிய நிலையிலேயே பிளாஸ்டரால் ஒட்டி, எண்ணையும் நேரத்தையும் அட்டையில் எழுதி, அழைக்க வேண்டியவரை அழையுங்கள்.

உணவு போய்க்கொண்டிருக்கும்போது இருமல், மூச்சுத்திணறல், உதடு நீலம்பாரித்தல், குரலில் ஈரமான கரகரப்பு, வாயிலோ மூக்கிலோ உணவு தெரிதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உணவை உடனே நிறுத்துங்கள், தலையை உயர்த்துங்கள், அவசர உதவிக்கு அழையுங்கள். சற்று நேரத்தில் அடங்கிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் நிமோனியாவின் காய்ச்சல் பல மணி நேரம் கழித்தே தெரியவரும். அம்மாவுக்குக் காய்ச்சல் அன்று மாலைதான் ஏறியது.

நழுவாமல் தடுக்க, பிளாஸ்டரை மூக்கின் மேல் ஒன்றும் கன்னத்தில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் ஒட்டுங்கள். தினமும் முகத்தைத் துடைத்துத் தோல் உலர்ந்த பிறகு மாற்றுங்கள். மாற்றும்போது ஒரு கை எப்போதும் குழாயைப் பிடித்திருக்க வேண்டும், ஆகவே இரண்டு பேராகச் செய்வது நல்லது. உணவு முடிந்த பிறகும் 30 முதல் 60 நிமிடம் வரை தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.

10. மாற்றும் நாளும் அடுத்த கட்டமும்

குழாயை மாற்றும் நாளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், வார இறுதியைத் தவிருங்கள். மாற்றிய பிறகு நீர் வராமல் எக்ஸ்ரே தேவைப்பட்டால், பகலில் ஒரு மணி நேரத்தில் முடிவது இரவில் மறுநாள் வரை இழுக்கும். அதுவரை நோயாளி பட்டினி கிடப்பார். பழைய அட்டையின் எண்ணைப் புதிய குழாய்க்கு அப்படியே எடுத்துக்கொள்ளாமல், புதிய அட்டை தொடங்குங்கள்.

நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பிறகும் விழுங்க முடியாது என்று தெரிந்தால், வயிற்றின் தோல் வழியாக நேரே இரைப்பைக்குள் வைக்கும் பெக் குழாயைப் பற்றி மருத்துவர் பேசுவார். அவர் பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதை வைப்பதற்கான எண்டோஸ்கோப்பி அறை கிடைக்க நாளாகும், இரத்தம் உறையாத மருந்துகளை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டி முடிவெடுக்க வேண்டும், குடும்பத்தினர் கையெழுத்திட வேண்டிய சம்மதப் படிவமும் உண்டு. ஆகவே நான்காம் வாரத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள். நாங்கள் ஆறாம் வாரம் தொடங்கியதால் ஏழாம் வாரக் கடைசியில்தான் வைக்க முடிந்தது. செலவு ஒரே நாளில் பெரிதாக வரும், ஆனால் வாராவாரம் குழாய் மாற்றும் செலவும் அதற்கான எக்ஸ்ரேயும் அதோடு நின்றுபோகும். பெக் குழாயிலும் தோலை ஒட்டியிருக்கும் வட்டின் அருகே ஓர் எண் இருக்கும். வைத்த அன்றே அதைக் கேட்டு அட்டையின் முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.